பதினோராம் காணிக்குப் பக்கத்துக் காணி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கச்சிமாரே, தம்பிமாரே,

போன கிழமை உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து பின்வரிசை வாங்கில் இருந்தேன். ஒரு தம்பி எழும்பி, "காணி பிரிக்கேக்கை சனத்தின்ரை வாயிலை இருந்து தப்புறதுக்கு என்ன வழி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். வகுப்பெடுத்தவர், "சீட்டுப் போடுங்கோ. பேந்து ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது" என்றார். நானும் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் குத்தத் தொடங்கியது. தலையாட்டியிருக்கக் கூடாது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பிளேன்ரீ ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

நான் வட்டுக்கோட்டைக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். நாற்பது எடுத்தால் பாஸ் என்ற கணக்குச் சோதனையில் சொந்த மகளுக்கு முப்பத்தொன்பது போட்டுவிட்டு, இரவு எனக்குப் பக்கத்தில் இருந்து புட்டுச் சாப்பிட்ட மனுசன். அவருடைய இரத்தம்தான் என்னிலும் ஓடுகிறது. வீடில்லாத சனத்தை முகாமில் இருந்து எடுத்துக் காணியில் குடியிருத்துகிற வேலைக்கு நான் வந்தபோது, நியாயம் என்றால் என்னவென்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவ்வளவுதான் என் வேதம்.

தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு முகாம் இருந்தது. இடம்பெயர்ந்த சனம் தனியார் காணி ஒன்றில் தென்னோலைக் கிடுகும் தகரமுமாகக் கொட்டில் போட்டு, அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் பிள்ளை பெற்றுவிட்ட முகாம். காணிக்காரர் காணியைத் திருப்பிக் கேட்டார். நல்ல வேளையாக அரச காணி ஒன்று கிடைத்தது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு குடும்பமும் தானே நின்று வீட்டைக் கட்டும். அதற்கான உதவி எங்கள் திட்டத்தில் இருந்து வரும். ஆனால் ஆருக்கு எந்தத் துண்டு? தெருக்கரைக் காணிக்கு எல்லோருக்கும் ஆசை, பள்ளக்காணி ஒருவருக்கும் வேண்டாம். கூட்டம் வைத்த முதல் நாளே இரண்டு பேர் போட்டிருந்த சேட்டைக் கிழித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் சீட்டுப் போடுவோம் என்றேன். முகாமில் தகரக் கொட்டிலுக்குள் ஒரு பிள்ளையார் இருந்தார். அவருக்கு முன்னால் சருவச்சட்டியில் சீட்டைப் போட்டு எடுத்தால் அது திருவுளம், மறுபேச்சில்லை என்று சனமும் ஒத்துக்கொண்டது. சீட்டை ஆர் எடுப்பது என்று அடுத்த சண்டை. கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. "மிஸ் எடுக்கட்டும். அவ வேதக்காரி. எங்கடை பிள்ளையாரோடை அவவுக்கு ஒரு கொண்டாட்டமும் இல்லை, ஆருக்காகவும் கேக்கமாட்டா." எல்லோரும் கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற நான், பிள்ளையாருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் அலுவல் முடிந்தது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. அன்றைக்கு இருந்த பெருமை எனக்குக் கலியாணத்தன்றும் இருக்கவில்லை.

பதினோராம் காணி மலர் என்ற பெண்ணுக்கு விழுந்தது. பக்கத்துப் பன்னிரண்டாம் காணி, தெருக்கரை மூலைக்காணி, சின்னத்துரை என்பவருக்கு. அவர் அந்த இடத்திலேயே கடை போடுவதாகத் திட்டம் போட்டுவிட்டார். முகாமில் மலருக்கு அடுத்த கொட்டிலில் இருந்த செல்வம் அண்ணைக்குக் கடைசிக் காணி, பனங்கூடலுக்குப் பக்கத்தில். பதினோராம் காணியில் நின்று கூப்பிட்டால் கேட்காத தூரம். நான் எல்லாவற்றையும் பதிந்துகொண்டு கொப்பியை மூடினேன்.

மலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயது இருக்கும். புருசன் வன்னிப்பக்கம் போய் வேறு குடும்பமாகிவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் தர்சினிக்கு ஒன்பது, இளையவளுக்கு ஐந்து. விடியப்பறம் நாலு மணிக்குக் கடற்கரைக்குப் போய், கரைக்கு வருகிற வலைகளில் இருந்து மீன் கழற்றுவது அவள் தொழில். இப்படிப்பட்டவள்தான் கடைசியாக வீடு கட்டி முடிப்பாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவள்தான் முதலாவது! கடலில் இருந்து வந்து, மத்தியானம் சீமெந்துக் கல் அரிந்து, பொழுதுபடும்வரை மேசனுக்குக் கையாள் வேலை செய்து, கூரை போட்டு முடித்துவிட்டாள். கதவுத் திறப்பை நான்தான் அவள் கையில் கொடுத்தேன். மீன் நாறுகிற கையால் என் கையைப் பிடித்து, "என்ரை வீடு, மிஸ்" என்றாள். நான் அழாமல் இருக்கப் பாடுபட்டேன்.

எங்கள் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. திறப்பு வாங்கி மூன்று மாதத்துக்குள் குடிபுக வேண்டும். இல்லாவிட்டால் வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்த குடும்பத்துக்குப் போகும். முகாமில் இருக்கிற கொட்டிலையும் பிரித்துவிட வேண்டும். மூன்றாவது மாதம் நான் வேலை செய்கிற கந்தோருக்கு ஒரு பெட்டிசம் வந்தது. யாழ்ப்பாணத்தில் வேலை செய்யப் போகிற உங்களுக்குப் பெட்டிசம் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. எழுதியவர் பெயர் இருக்காது, கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். "பதினோராம் வீட்டுக்காரி வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு முகாமில் குடியிருக்கிறா. வாடகைக்கு விடும் யோசனை போலும்."

மூன்று தரம் போய்ப் பார்த்தேன். மூன்று தரமும் பூட்டு. யன்னலால் எட்டிப் பார்த்தால் அடுப்பில் ஒரு சிட்டிகை சாம்பல்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தைக் கேளாதீர்கள். பட்டியலில் அடுத்ததாக இருந்த குடும்பம் கைக்குழந்தையோடு ஆரோ ஒருவருடைய விறாந்தையில் படுத்துக்கொண்டிருந்தது. இவளென்றால் புது வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறாள்! இரண்டு கிழமை தவணை கொடுத்து ஒரு கடிதம் எழுதி, பிரதியைக் கந்தோர்க் கோவையில் போட்டுவிட்டு, நானே கொண்டுபோனேன்.

மலர் கொட்டில் வாசலில் நின்று கடிதத்தை வாசித்தாள்.

"சரி, மிஸ்."

"என்ன சரி? ரெண்டு கிழமைக்குள்ளை குடிபோகாட்டி வீடு போயிடும். விளங்கிச்சுதே?"

"ஓம், மிஸ். விளங்குது."

"அப்ப ஏன் போகேல்லை?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். கடிதத்தை நாலாக மடித்தாள். "வேறை ஆருக்கும் குடுக்கிறதெண்டால் குடுங்கோ. பச்சைப் பிள்ளையோடை இருக்கிற சனமெண்டால் நல்லம்" என்றாள்.

"உமக்கென்ன விசரே, பிள்ளை? உம்மடை கையாலை அரிஞ்ச கல்லெல்லோ அது?"

அவள் கடிதத்தோடு உள்ளே போனாள். நான் கோபத்தோடு வந்து ஸ்கூட்டியில் ஏறி, ஹெல்மெற்றைப் போட்டேன். இங்கேதான், பிள்ளைகளே, கவனியுங்கள். வீடு பறிபோகிறது என்று சொன்ன பிறகும் ஒரு மனுசி வாய் திறக்கவில்லை என்றால், அவளுக்கு வீட்டைவிடப் பெரிதாக ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம். இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கோபம் மட்டும்தான். ஸ்கூட்டியை உதைத்துப் போயிருப்பேன். பக்கத்துக் கொட்டிலுக்குள் இருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"மிஸ், தலையிலை கொழுவினதைக் கழட்டிப் போட்டு ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ."

செல்வம் அண்ணை. மேசனாக இருந்து, சாரத்தில் இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலோடு கிடக்கிறவர். உள்ளே போனேன். கிடுகு மறைப்புத்தான் இரண்டு கொட்டிலுக்கும் நடுவில்.

"நான் ஹெல்மெற் போட்டதை எப்பிடிக் கண்டனியள்?"

"காணேல்லை. டக்கெண்டு கேட்டுது. எனக்குக் கேக்கிறதுதானே மிஸ் மிச்சம்." பிறகு குரலைத் தணித்தார். "அவள் நாலு மணிக்குக் கடலுக்குப் போனால் பிள்ளையள் ரெண்டும் தனிய. வேறை ஒரு சீவனும் இல்லை. எனக்கு நோவிலை நித்திரை வாறேல்லை. கிடந்தபடி உந்தக் கிடுகுக்குள்ளாலை கேட்டுக்கொண்டிருப்பன். சின்னவள் இருமினால் எனக்குத் தெரியும். கனவு கண்டு அழுதால் கதை சொல்லுவன். ஆறு மணிக்கு எழுப்பி, முகம் கழுவப் பண்ணி, பள்ளிக்கூடத்துக்கு விடுறது நான்தான். என்ரை மனுசி நாள் முழுக்க வேலை செய்து அடிச்சுப் போட்ட மாதிரிப் படுப்பாள், அவளை எழுப்பிறேல்லை. உங்கடை சீட்டிலை நாங்கள் அந்தத் தொங்கல், அவை இந்தத் தொங்கல். அங்கை ஆர் கேக்கிறது?"

"இதை அவ என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடி மிஸ் சொல்லுவாள்? நீங்கள் கந்தோர்." அவர் சிரிக்கவில்லை. "முந்தி உந்த மூலைக் கொட்டில்காரி பிள்ளையளைத் தனிய விட்டிட்டு வேலைக்குப் போனவள். ஆரோ எழுதிப் போட்டு, பிள்ளையளைக் கொண்டுபோய்ச் சிறுவர் இல்லத்திலை விட்டிட்டினம். அவள் மாசத்துக்கு ஒருக்கா விசுக்கோத்துப் பெட்டியோடை போய்ப் பாத்திட்டு வாறாள். அதுக்குப் பிறகு உங்கடை ஆக்களைக் கண்டால் எங்கடை பெண்டுகள் வாய் திறவாயினம். வீடு போனால் போகட்டும், பிள்ளையள் போகக்கூடாது எண்டு நிக்கிறாள்."

மறைப்புக்கு அந்தப் பக்கம் மலர் விம்முகிற சத்தம் எனக்கும் கேட்டது. அந்த நிமிடம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு நியாயமாக, கண்ணை மூடிக்கொண்டு நான்தான் அந்தப் பிள்ளைகளைத் தனியாக்கியிருக்கிறேன்.

இப்போது எனக்கு இரண்டு கரைச்சல். கடிதத்தின் பிரதி கோவையில் இருக்கிறது, நாள் ஓடுகிறது. அதோடு, பிள்ளைகள் விடியப்பறம் தாயில்லாமல் இருக்கிறார்கள் என்று அரச உத்தியோகத்தரான எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் சிறுவர் பகுதிக்கு அறிவிக்க வேண்டும். அடுத்த நாள் காலை என் மேலதிகாரிக்கு முன்னால் போய் நின்றேன். கடுகடுத்த மனுசன், அவருடைய அறைக்குப் போவதென்றால் பியூனுக்கும் பயம். எல்லாவற்றையும் கேட்டார்.

"பிள்ளையள் தனியவோ இருக்குதுகள், இல்லாட்டி ஆரும் ஒராளின்ரை பாதுகாப்பிலையோ?"

"ஒராள் இருக்கிறார். ஆனால் படுக்கையிலை..."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும். ஆள் இருக்குதோ, இல்லையோ?"

"இருக்குது, சேர்."

"அப்ப எதை அறிவிக்கப் போறீர்? அந்த ஆளைப் பக்கத்திலை கொண்டுபோய் விடும். காணியைப் பிரியும் எண்டுதானே உம்மை விட்டது, சனத்தை ஆர் பிரிக்கச் சொன்னது?" கோவையை இழுத்து, மலரின் தவணையை ஒரு மாதத்தால் நீட்டிக் கையெழுத்து வைத்தார். "ஒரு மாசம். அதுக்கு மேலை எனக்கும் ஏலாது. விறாந்தையிலை ஒரு குடும்பம் கிடக்குது, அதையும் மறந்திடாதையும்."

நான் பிறகும் அறிவிக்கவில்லை. இரண்டு வீடும் பக்கத்தில் வந்த பிறகு சிறுவர் விடயம் பார்க்கிற உத்தியோகத்தரை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். முன்னரே சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நாட்களில் அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கு ஏதும் நடந்திருந்தால் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல எனக்கு முகம் இருந்திருக்காது.

சரி, பக்கத்தில் எப்படிக் கொண்டுபோவது? மலருக்கு ஒரு பக்கம் ஒழுங்கை, மற்றப் பக்கம் சின்னத்துரையின் காணி. அவர் அத்திவாரக் கிடங்கு வெட்டி முடித்திருந்தார். செல்வம் அண்ணையின் காணியில் வேலை தொடங்கவே இல்லை. மாற்றுவதென்றால் சின்னத்துரை தெருக்கரையை விட்டுப் பனங்கூடலுக்குப் போக வேண்டும். காரணத்தைச் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன்.

"மிஸ், பிள்ளையார் தந்த காணி. நீங்கள்தானே எடுத்துத் தந்தனியள்? மாத்தினால் தெய்வக் குற்றமெல்லோ" என்றார். கண் மட்டும் அவர் மனதில் கட்டி வைத்திருந்த கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனுசனைக் குறை சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிர்ஷ்டம் அடித்த மனுசன். நான் போட்ட நியாயத்தாலேயே என் கையைக் கட்டிவிட்டார்.

இரண்டாம், மூன்றாம் தரம் போனபோதும் அதே பதில். தவணை முடிய ஒரு கிழமை இருக்கையில் பிள்ளையார் கொட்டிலடியில் கூட்டம் கூட்டினேன். செல்வம் அண்ணையை வாங்கோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். எழும்பி நின்று சொன்னேன். "சீட்டுப் போட்டது என்ரை பிழை. ஆர் ஆருக்குப் பக்கத்திலை இருக்க வேணுமெண்டு உங்களிட்டை நான் ஒரு சொல்லுக் கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை."

கந்தோர் ஆள் பிழை என்று சொன்னதை அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். சின்னத்துரைதான் கேட்டார், "அப்ப ஆருக்குப் பக்கத்திலை ஆர் வேணுமாம்? என்னத்துக்கு?"

அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பின்வரிசையில் இருந்து மலர் எழும்பினாள். முன்னுக்கு வந்தாள். என்னைத்தான் பார்த்தாள், வேறு ஒருவரையும் பார்க்கவில்லை.

"நான் நாலு மணிக்கு என்ரை பிள்ளையளை விட்டிட்டுத்தான் போறன். எழுதிறதெண்டால் எழுதுங்கோ, மிஸ். மறைச்சு மறைச்சு எனக்கு ஏலாமல் போச்சு. செல்வம் அண்ணை பக்கத்திலை இருந்தால் அந்த வீட்டிலை இருப்பன். இல்லாட்டி எனக்கு அந்த வீடு வேண்டாம். கல்லும் மண்ணும்தானே, மிஸ்." அதைச் சொன்னவுடன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் கொப்பியைப் பைக்குள் வைத்துப் பையை மூடினேன். எல்லோரும் பார்க்கத்தான் மூடினேன்.

சின்னத்துரை தலையைச் சொறிந்தார். "அதுக்கு நான் என்ன செய்ய? பிள்ளையார்..."

"பிள்ளையாரை விடு!" என்று ஒரு சத்தம். அவருடைய மனுசி தவமணி. ஐந்தடிகூட இருக்கமாட்டா. "கடைக்கு ஆசை எண்டு சொல்லன், அவரை ஏன் இழுக்கிறாய்? உன்ரை மூத்த மகனுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தன்ரை மற்றப் பக்கக் கிடுகுக்குள்ளாலை சொல்லிக் குடுத்தது ஆர்? நான் வெங்காயம் கிண்டப் போகேக்கை அவன் காய்ச்சலிலை கிடந்தவன். 'தவம், ஓடி வா, பெடியன் பிதற்றுறான்' எண்டு ஆள் விட்டது ஆர்? பிள்ளையாரோ?"

சனம் கொல்லென்று சிரித்தது. சின்னத்துரையும் சிரித்துவிட்டார், ஆனால் கண் கலங்கியிருந்தது. வாங்கில் கிடந்த செல்வம் அண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெட்டின கிடங்கை என்ன செய்ய, அண்ணை?" என்றார். "அதை நான் பாக்கிறன்" என்றார் செல்வம் அண்ணை. "ஆனால் நீ வெட்டினது கோணலாத்தான் இருக்கும், உன்னை எனக்குத் தெரியும்."

அந்தப் பேச்சு எழுத்துக்கு வந்தது. தவணை முடிய ஒரு நாள் இருக்கையில் சின்னத்துரையும் செல்வம் அண்ணையும் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார்கள், மலரும் பிள்ளைகளும் அன்றைக்கே குடிபுகுந்தார்கள். செல்வம் அண்ணையின் வீடு எழும்பும்வரை மலரின் விறாந்தையை மறைத்து அவருக்குக் கட்டில் போட்டார்கள். வெட்டிய கிடங்கு உண்மையாகவே கோணல்தான். பனங்கூடலடியில் சின்னத்துரைக்கு ஊரே சேர்ந்து புதுக் கிடங்கு வெட்டிக் கொடுத்தது. அவர் கடை போட்டார். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கடை படுத்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இப்போது கல் அரிந்து விற்கிறார். காணும்போதெல்லாம், "மிஸ், நீங்கள் எனக்கு ஒரு கடை பாக்கி" என்பார். நான் சிரிப்பேன், ஆனால் சுள்ளென்று குத்தும். ஒருவருக்குச் செய்த நன்மையை இன்னொருவர் சுமக்கிறார் என்பதை நீங்களும் மறக்காதீர்கள்.

செல்வம் அண்ணை தன் சொந்த வீட்டுக்குப் போன மாதம், இரண்டு குடும்பமும் முறையாகக் குடியிருக்கின்றன என்று இறுதி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பகலில் போய்ப் பார்த்து நான் எழுதிய முந்தைய மூன்று குறிப்பின் இலட்சணம் எனக்குத்தானே தெரியும். அதனால் விடியப்பறம் போனேன். ஸ்கூட்டியைத் தெருவில் விட்டுவிட்டு, சத்தம் போடாமல் இரண்டு வீட்டுக்கும் இடையால் நடந்தேன். மலர் கடலுக்குப் போய்விட்டாள். கிழக்கு மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

கணுக்காலில் ஏதோ தடக்கியது. தங்கூசி, மீன் வலைக்குப் பாவிக்கிற அந்த மெல்லிய நைலோன் நூல். கல் வீட்டுச் சுவருக்குள்ளால் இருமலும் கேட்காது, அழுகையும் கேட்காது என்று கண்ட பிறகு, தர்சினிதான் அதைக் கட்டியிருக்கிறாள். பிள்ளைகளின் பாயடியில் இருந்து யன்னலால் வந்து, இந்த வீட்டு யன்னலால் உள்ளே போய், செல்வம் அண்ணையின் தலைமாட்டில் கூழாங்கல் போட்ட பால்மாத் தகரப் பேணியில் அது முடிந்திருந்தது. என் கால் பட்டதும் பேணி கடகடவென்று சத்தம் போட்டது.

"ஆரடா அது?" இருட்டறைக்குள் இருந்து குரல் வெடித்தது. எழும்ப முடியாத மனுசன், எழும்பி வந்து அடிப்பவர் போலக் கத்தினார். "உந்த வீட்டிலை பிள்ளையள் தனிய இல்லை, தெரியுமோ! நான் முழிச்சுக்கொண்டுதான் கிடக்கிறன்!"

நான் ஆரென்று சொல்ல வேண்டும். காலில் தங்கூசியும் கண் நிறையத் தண்ணீருமாக அந்த மணலில் அப்படியே நின்றேன். அந்தப் பக்கத்து யன்னலில் தர்சினியின் நித்திரைக் குரல், "ஆர், மாமா?" என்றது.

"நான்தான், அண்ணை" என்றேன் கடைசியில். "கந்தோர். பாத்திட்டுப் போக வந்தனான்."

செல்வம் அண்ணையின் குரல் தணிந்தது.

"பாத்திட்டியளோ, மிஸ்?"

"ஓம், அண்ணை. பாத்திட்டன்."